ரயிலுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்தாறு வருஷம் ரயிலை நிறுத்துவதற்காகச் சம்பளம் வாங்கியவன் நான். பிரேக்கைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. அப்படிப்பட்டவன், ஓய்வு பெற்ற பிறகு, சிவனே என்று நின்றுகொண்டிருந்த ஒரு ரயிலை எலுமிச்சம்பழம் வைத்து ஓட விட்டேன். உள்ளே பதினோரு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் என் மனைவி. கையில் சுண்டல்.

பிரேக் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் உங்கள் வாட்ஸ்அப் குழுவில், "அங்கிள், உங்க எக்ஸ்பீரியன்ஸ கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்று கேட்டிருந்தீர்கள். புயலடித்த ஒரு நாளில் நான் தனியாளாக நாற்பது ரயில்களைக் காப்பாற்றிய கதையை எதிர்பார்த்திருப்பீர்கள். மன்னிக்க வேண்டும். ஆபீஸில் நான் செய்த அதிகபட்ச சாகசம், மீட்டிங்கில் தூங்கிக்கொண்டே சரியான இடத்தில் தலையாட்டியதுதான். உருப்படியாக ஒரே ஒரு விஷயம் தெரியும். அதையும் வேலையின் முதல் வருஷத்தில் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். எனக்குப் புரிந்தது போன வருஷம். நடுவில் இருந்த காலத்துக்கு பென்ஷன் வருகிறது.

ரிடையர் ஆன முதல் மாதம் அமெரிக்காவில் இருக்கும் எங்கள் டப்ளின் வீட்டில் நான் எதையும் விட்டுவைக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கராஜ் கதவை நான்கு முறை சரிசெய்தேன். ஐந்தாவது முறை அது நின்றுவிட்டது. உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் கை எதையாவது திருகும்.

"ஏங்க, ஃப்ரிட்ஜுல புதுசா ஏதாவது முளைச்சிருக்கா? இப்பதானே தொறந்து பாத்தீங்க?" என்பாள் மனைவி.

"உள்ள லைட் எரியுதான்னு பாத்தேன்."

"ஆபீஸ்ல உங்கள எப்படித்தான் இருபத்தாறு வருஷம் வச்சிருந்தாங்களோ. எனக்கு இருபத்தாறு நாள் தாங்கலை."

இங்கேயே பிறந்த என் மகள் தமிழில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொன்னாள்: "டாட், கோ ப்ளே வித் சம் ட்ரெயின்ஸ்." கூடவே ஒரு லிங்க்கையும் அனுப்பினாள்.

அப்படித்தான் அந்தத் தீவுக்குப் போனேன். பெரிய தீவெல்லாம் இல்லை. ஆறுகள் பிரிந்து பிரிந்து ஓடும் டெல்டாவில், சுற்றிலும் மண் கரை கட்டிய ஒரு துண்டு நிலம். நீளம் இரண்டு மைல். நிறைய பேரிக்காய்த் தோட்டம், அதைவிட நிறையக் காற்று. ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, கடைசியில் ஆறே ஆறு கார் பிடிக்கும் ஒரு ஃபெர்ரிக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த ஃபெர்ரி ஆற்றைக் கடக்கும் வேகத்தைப் பார்த்தால், இறங்கித் தள்ளலாமா என்று எனக்குத் தோன்றும்.

தீவில் ஒரு கிளப் இருக்கிறது. எல்லாரும் சம்பளம் இல்லாத தொண்டர்கள். ஒரு பெரிய கொட்டகையில் என்னைவிட மூத்த பஸ்கள் ஐந்து. ஏதோ ஒரு நகரத்தில் ஓடி ஓய்ந்துபோன இரண்டு பெட்டி ரயில் ஒன்று. ஃபெர்ரித் துறையிலிருந்து தோட்டத்தின் கடைக்கோடி வரை ஒன்றரை மைல் தண்டவாளம். வார இறுதியில் குடும்பங்கள் வரும், ஏறும், போகும், திரும்பி வரும். எங்கும் போய்ச் சேராத அந்தப் பயணத்துக்கு அத்தனை கூட்டம்.

அந்த வண்டிகளில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நீங்கள் வேலை செய்யும் புது ரயிலில் பிரேக் போடுவது கம்ப்யூட்டருக்கு மனுப் போடுவது போல. நீங்கள் கேட்பீர்கள், அது யோசிக்கும், பிறகு சம்மதிக்கும். தீவு ரயிலில் ஒரு பித்தளைக் கைப்பிடி. திருப்பினால் காலுக்கடியில் காற்று பெருமூச்சு விடும். பிரேக் சக்கரத்தைக் கவ்வுவது உங்கள் முதுகெலும்பில் தெரியும். பிரம்பு பின்னிய இருக்கையில் உட்கார்ந்தால் அது முனகும். வளைவில் இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஏதோ முறையிடும். பஸ் இன்னும் மேல். ஸ்டியரிங் கல்யாணத் தாம்பாளம் அளவு. கியர் மாற்றினால் கர்ரென்று திட்டும், ஒழுங்காக மாற்றினால் திட்டாது, பாராட்டவும் செய்யாது. ஊர் ஞாபகம் வருகிறதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஊரில் நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவன். உள்ளே எப்படி இருக்கும் என்பதை இந்தத் தீவில்தான் பார்த்தேன்.

பஸ் ஓட்டும் தகுதிக்காக மூன்று வருஷமாகப் பயிற்சி எடுத்தேன். நவம்பரில் எனக்கு டெஸ்ட். கதை நடந்தது அக்டோபரில்.

தீவில் எந்தச் சக்கரம் உருள வேண்டும் என்றாலும் ஒரு பெண்மணி சரி என்று சொல்ல வேண்டும். நாற்பது வயதுகூட இருக்காது. வார நாளில் டயர் கடையில் வேலை. எப்போதும் ஒரு கப்பல்காரத் தொப்பி போட்டிருப்பதால் எல்லாருக்கும் அவர் கேப்டன். ஒரு வாக்கியத்துக்கு ஆறு வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டார். அவர் பேசியது ஆங்கிலம்தான். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். நீளத்தை நான் கூட்டவில்லை.

அடுத்தது ஸ்டெல்லா. பாளையங்கோட்டையில் பிறந்து மில்பிடாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்ப்பவர். முப்பத்திரண்டு வயது. இரண்டு கோடைக்காலம் முழுக்க ரயில் ஓட்டப் பழகியிருந்தார். கதை நடந்த நாள் மதியம் இரண்டு மணிக்குப் பயணிகளோடு அவர் முதல் ஓட்டம். மில்பிடாஸிலிருந்து அவருடன் வேலை செய்பவர்கள் எட்டு பேர் அதைப் பார்க்கவே வருவதாக இருந்தார்கள்.

இன்னும் ஒரே ஒரு விவரம். நீங்கள் பிரேக் ஆட்கள், பொறுத்துக்கொள்வீர்கள். ஃபெர்ரித் துறையில் தண்டவாளம் தோட்டத்தை நோக்கி லேசாகச் சரிகிறது. நிறுத்திய ரயிலில் காற்று மெல்ல மெல்லக் கசிந்து பிரேக் தளர்ந்துவிடும். கைபிரேக் பிடிக்கும், ஆனால் கிழட்டுக் காவலாளி மாதிரி கண்ணயர்ந்துவிடும். அதனால் முன்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு முட்டுக்கட்டைகள் வைக்க வேண்டும். வைத்தவர் தன் பெயர் போட்ட பித்தளை வில்லையைப் பலகையில் மாட்ட வேண்டும். வில்லை தொங்கினால் கட்டை இருக்கிறது என்று அர்த்தம். வைத்தவரைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. அன்று தொங்கியது ஸ்டெல்லாவின் வில்லை. அன்று காலைதான் கட்டைகளுக்குப் புதிதாக மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

இனி என் திருவிளையாடல்.

ஆயுத பூஜை வார இறுதி. தீவில் வண்டிகளுக்குப் பூஜை போட்டால் என்ன என்ற யோசனை என்னுடையது. டப்ளினிலிருந்து முப்பது பேரைத் திரட்டிவிட்டேன். கேப்டனிடம் அனுமதி கேட்டு அரை மணி நேரம் விளக்கினேன். கருவிகளுக்கு நன்றி சொல்வது எங்கள் வழக்கம், அதன் தத்துவம், சக்கரத்தின் சிறப்பு என்றெல்லாம்.

"நெருப்பு கூடாது. தேங்காயைச் சரளைக்கல்லில் உடையுங்கள்" என்றார் கேப்டன்.

காலையில் பஸ்களுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. ஹெட்லைட்டுகளுக்கு நடுவில் பொட்டு வைத்ததும் ஒரு பஸ்ஸுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் உட்கார்ந்த முகக்களை வந்துவிட்டது. ஸ்டெல்லா பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"அங்கிள், எல்லாம் சரி. கண்ணாடியில வைக்காதீங்க. ஓட்டுறவங்களுக்கு ரோடு தெரியணும்."

"நீ வேதக்காரப் பொண்ணு, உனக்கு இதெல்லாம் வேடிக்கையா இருக்கும்."

"எங்கம்மா புது ஸ்கூட்டர் வாங்கினா சர்ச்சுக்குக் கொண்டுபோய் தீர்த்தம் தெளிக்காம பெட்ரோலே போட விடமாட்டாங்க. நீங்க நடத்துங்க."

பஸ் ஒவ்வொன்றின் சக்கரத்துக்கு முன்னும் எலுமிச்சம்பழம் வைத்தோம். கொட்டகையிலிருந்து கூட்டமாகத் துறைக்கு நடந்து வந்தோம். ரயிலுக்கும் மாலை போட்டோம். என் மனைவியும் இன்னும் ஒன்பது பேரும் போட்டோவுக்காக உள்ளே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். அப்போது எங்கள் தெருக்கார ஆன்ட்டி ஒருவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "ஐயோ, ட்ரெயினுக்கு எலுமிச்சம்பழம் வைக்கலையே?" என்றார்.

குனிந்தேன். எலுமிச்சம்பழம் இருக்க வேண்டிய இடத்தில் முட்டுக்கட்டை இருந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். எனக்கு விதி தெரியாது என்றில்லை. எங்கள் ஆபீஸில் அந்த விதியைப் புதியவர்களுக்குப் பாடமாக எடுத்தவனே நான்தான். ஆனால் ஆன்ட்டி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார், கூட்டம் பார்க்கிறது, என் கையோ சும்மா இருக்காத கை. 'ஒரு போட்டோதானே, ரெண்டு நிமிஷம்' என்று நினைத்தேன். இரண்டு கட்டைகளையும் உருவித் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போட்டேன். அந்த இடத்தில் இரண்டு பழங்களை வைத்தேன். போட்டோ பிரமாதமாக வந்தது. இன்றும் அந்த ஆன்ட்டியின் ப்ரொஃபைல் படம் அதுதான்.

அந்த நொடியில் சரளைக்கல் பக்கமிருந்து யாரோ, "அங்கிள், தேங்கா உடைய மாட்டேங்குது!" என்று கத்தினார்கள். ஓடினேன்.

தேங்காய் மூன்று தடவைக்கும் உடையவில்லை. நான்காவது தடவைக்குக் கையை ஓங்கியபோது கண்ணோரத்தில் ஒன்று தெரிந்தது. ரயில் ஜன்னலில் என் மனைவியின் முகம், இருந்த இடத்தில் இல்லை. மெதுவாக இடது பக்கம் போய்க்கொண்டிருந்தது.

நடக்கும் வேகம்தான். ஆனால் நானூறு அடி தள்ளித் தண்டவாளம் சாலையைக் கடக்கிறது. கொட்டகையிலிருந்து கேப்டன் ஓட்டி வந்த பஸ், மீதிக் கூட்டத்தோடு, அந்த இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.

ஓடினேன். ரயிலுக்குப் பக்கத்திலேயே, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் உடையாத தேங்காயோடு. அதைச் சக்கரத்துக்கு முன் போட்டால் நிற்குமா என்று யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். இருபத்தாறு வருஷ அனுபவம் எனக்கு அந்த நொடியில் கொடுத்த ஒரே தொழில்நுட்ப யோசனை அதுதான். என் மனைவி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏங்க, நீங்க ஏறலையா?"

நல்லவேளை, ஸ்டெல்லா ஓட்டுநர் அறையில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். வண்டி அசைந்ததும் பித்தளைக் கைப்பிடியைத் திருப்பினார். காற்று இல்லை. அந்தச் செய்தி கிடைத்ததும் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். ஒரு கையால் மணிக்கயிற்றை விடாமல் இழுத்தார். மறுகையால் கைபிரேக் சக்கரத்தைச் சுற்றினார். பிறகு முழங்காலையும் கொடுத்துச் சுற்றினார். மணிச்சத்தம் கேட்டு கேப்டன் பஸ்ஸைச் சாலையிலேயே நிறுத்தினார். சரிவு குறையும் இடத்தில் ரயில் ஒரு முனகலோடு நின்றது. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நடுவில் இன்னொரு பஸ்ஸை நிறுத்தலாம், அவ்வளவு இடம் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் கைதட்டினார்கள். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

கேப்டன் இறங்கித் துறை வரை நடந்து வந்தார். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கிடந்த கட்டைகளைப் பார்த்தார். பலகையில் தொங்கிய வில்லையைப் பார்த்தார்.

"உன் வில்லையா?"

"ஆமா" என்றார் ஸ்டெல்லா. "ரெண்டு கட்டையும் வச்சேன். நல்லாத் தெரியும், வச்சேன்."

"கட்டை வெளியே கிடக்கிறது."

ஸ்டெல்லா குனிந்து கட்டைகளைப் பார்த்தார்.

"இன்று நீ ஓட்ட வேண்டாம்" என்றார் கேப்டன்.

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன், நம்புங்கள். வெளியே வந்தது வேறு. "இதுல கைபிரேக்கையும் பாக்கணும்" என்றேன். "செயின்ல தொய்வு இருக்கு, சக்கரத்துப் பல் தேஞ்சிருக்கலாம். கட்டை இருந்தாலும் இல்லைன்னாலும் பிரேக் பிடிச்சிருக்கணும்." அதோடு நிறுத்தினேனா? ஐந்து நிமிஷம் பேசினேன். உராய்வு, தேய்மானம், சரிவின் கோணம். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. மொத்தமாகப் பார்த்தால் அதைப்போல ஒரு பொய் நான் வாழ்நாளில் சொன்னதில்லை. நான் கட்டையை உருவியதைப் பார்த்தவர்களுக்கு அது எதற்கென்றே தெரியாது; எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பிரேக்கைப் பற்றி நான் பேசினால் அந்தத் தீவில் யாரும் குறுக்கே பேசுவதில்லை. கேப்டன் என்னை நம்பி ஸ்பேனர் எடுத்துவரப் போனார்.

தம்பிகளா, தங்கைகளா, தொழில் தெரிவது நல்லதுதான். ஆனால் ஒளிந்துகொள்வதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. உங்களை அங்கே தேடிக்கொண்டு ஒருவரும் வர மாட்டார்கள்.

அடுத்த நாற்பது நிமிஷம் நான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. துறைக்கும் கொட்டகைக்கும் ஆறு தடவை நடந்தேன். காபி குடித்தேன். குடித்ததை மறந்து இன்னொரு காபி குடித்தேன். நேராக இருந்த ஒரு நாற்காலியை நேராக்கினேன்.

டெக்சாஸில் என் முதல் வேலையில் ஒரு பெரியவர் இருந்தார். சோதனை ரயில் ஒன்று நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி நின்றது. நான் சென்சார் சரியில்லை என்று படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் விளக்கம் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "நீ என்ன தொட்டே?" முந்தின நாள் ஒரு வால்வைக் கால் சுற்று திருகியிருந்தேன். காது சிவக்க ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "முதல் அஞ்சு நிமிஷத்தில் சொன்னால் அது தகவல். அதற்கப்புறம் சொன்னால் வாக்குமூலம்" என்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ ட்ரெயினிங் ஸ்லைடில் போட்டிருக்கிறேன். கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

நடந்துகொண்டிருந்த என்னை மனைவி வழிமறித்தாள். ரயில் உருண்ட இடத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"தண்டவாளத்துல எலுமிச்சம்பழம் நசுங்கிக் கெடக்கு."

"ம்."

"ட்ரெயின் நகர்றதுக்கு முன்னாடி அதைச் சக்கரத்துக்கு அடியில வைக்கணும்னா, அந்தக் கட்டை அங்க இருந்திருக்க முடியாதே?"

இருபத்தாறு வருஷம் நான் விபத்து விசாரணைக் குழுவில் இருந்தேன். இவளை வேலைக்கு எடுத்திருக்க வேண்டும்.

"அந்தப் பொண்ணு பையை எடுத்துட்டு ஃபெர்ரிக்குப் போறா. அவளப் பாக்க வந்தவங்களை வர வேணாம்னு போன் பண்ணிச் சொல்லிட்டிருக்கா" என்றாள். "நீங்க இன்னும் எத்தனை காபி குடிக்கணும்?"

மணி ஒன்றே கால். ஃபெர்ரி ஒன்றரைக்கு. ஸ்டெல்லாவிடம்தான் முதலில் ஓட நினைத்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டு அழுது அவரையும் அழவைத்துவிட்டால் எனக்கு மனது லேசாகிவிடும். ஆனால் அவருக்கு வேண்டியது என் கண்ணீர் இல்லை, இரண்டு மணி ஓட்டம். அதைக் கொடுக்கக்கூடியவர் கேப்டன் மட்டும்தான். திரும்பி ரயிலுக்கு ஓடினேன்.

கேப்டன் வண்டிக்கு அடியில் படுத்து, நான் சொன்ன செயினைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். முழங்கை வரை கிரீஸ். குனிந்து சொன்னேன். இந்த முறை தத்துவம் இல்லை.

"கட்டையை எடுத்தது நான். எலுமிச்சம்பழம் வைக்க எடுத்தேன். திருப்பி வைக்கவில்லை. ஸ்டெல்லாவுக்குத் தெரியாது."

ஸ்பேனர் நின்றது.

"எப்போது தெரியும் உங்களுக்கு?"

"உருண்டபோதே."

கிரீஸ் கையை நீட்டி வாட்சைப் பார்த்தார். "நாற்பது நிமிஷம்" என்றார். அவ்வளவுதான். திட்டு இல்லை, பெருமூச்சுகூட இல்லை. வெளியே வந்து, கையைத் துடைத்து, பலகைக்குப் போனார். அதில் மாட்டாமல் வரிசையாக இருந்த வில்லைகளில் என் பெயர் போட்டதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு வருஷம் எந்த வண்டியையும் தொடாதீர்கள்."

நவம்பர் டெஸ்ட் அந்தப் பைக்குள் போனது. என் முகம் எப்படி இருந்ததோ, கேப்டன் வேறு பக்கம் பார்த்தார். "போய் அவளை அழைத்து வாருங்கள்" என்றார்.

துறையில் ஸ்டெல்லாவின் கார் வரிசையில் இரண்டாவது. ஃபெர்ரிக்காரர் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தார். காரின் முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன். கையில் தேங்காய் இல்லை என்பது ஒன்றுதான் முன்னேற்றம்.

கண்ணாடி இறங்கியது.

"கட்டையை எடுத்தது நான்தாம்மா. கேப்டன் கிட்ட சொல்லிட்டேன். உன்னை வரச் சொன்னாங்க. ரெண்டு மணி ஓட்டம் உன்னுதுதான்."

ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் அங்கிள்."

"என்னது?"

"நீங்க அந்த லெக்சர் குடுக்கும்போதே தெரியும். உங்க விரலைப் பாருங்க."

பார்த்தேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மஞ்சள்.

"சந்தனம்" என்றேன். பழக்கதோஷம்.

"சந்தனம் காஞ்சா உதிரும். இது பெயின்ட்."

"தெரிஞ்சா ஏம்மா சொல்லலை? உன் மேல பழி விழுந்துச்சே!"

"நான் சொன்னா நீங்க ரெண்டு பேர்ல யாரை நம்புறதுன்னு அவங்க யோசிச்சிருப்பாங்க. நீங்க பிரேக் எக்ஸ்பர்ட்டு. நான் ட்ரெயினி." பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். இப்ப சொல்லுவாரு, இப்ப சொல்லுவாருன்னு. நீங்க பல் தேஞ்சிருச்சு, செயின் தொங்குதுன்னு போய்ட்டே இருந்தீங்க" என்றார்.

என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு ஜோக் இருக்கும். தேடினேன். இல்லை.

பின்னால் இருந்த கார்க்காரர் ஹாரன் அடித்தார். ஸ்டெல்லா வரிசையை விட்டுக் காரைத் திருப்பினார்.

மில்பிடாஸ்காரர்கள் எட்டு பேரில் ஐந்து பேர் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார்கள். மூன்று பேர் வரவில்லை. அதற்குள் வெகுதூரம் திரும்பிப் போய்விட்டார்களாம். அந்த மூன்று இருக்கைகள் என் கணக்கு.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. ரயிலைத் துறைக்கே திருப்பிக் கொண்டுவந்து மாலையைக் கழற்றிவிட்டார்கள், பொட்டு மட்டும் இருந்தது. பெட்டிகள் நிறைந்துவிட்டன. கம்ப்ரஸர் அந்தக் கிழட்டு மூச்சோடு காற்றை நிரப்பிக்கொண்டிருந்தது. கேப்டன் பயிற்சியாளராக ஓட்டுநருக்குப் பின்னால் நின்றார். ஸ்டெல்லா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அழுத்தமானியைப் பார்த்தார், மணிக்கயிற்றை ஒரு முறை தொட்டுப் பார்த்தார். என் மனைவி அதே ஜன்னலோரத்தில், அதே சுண்டலோடு. இந்த முறை நான் ஏறவில்லையா என்று அவள் கேட்கவில்லை.

நான் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கீழே நின்றிருந்தேன். இரண்டு மஞ்சள் கட்டைகளும் அவற்றின் இடத்தில் இருந்தன. பலகையில் ஸ்டெல்லாவின் வில்லை ஆடிக்கொண்டிருந்தது. வண்டி கிளம்ப அவர் கீழே இறங்கி வந்து கட்டைகளை எடுக்க வேண்டும். திரும்ப ஏற வேண்டும், படி வேறு உயரம். நேரமோ நெருங்கிவிட்டது, நான் பக்கத்திலேயே இருக்கிறேன், கையும் சும்மாதான் இருக்கிறது. இன்று அவருக்கு என்னால் ஆன ஏதாவது ஒரு உதவி. பாதி குனிந்தும்விட்டேன்.

"ஸ்டெல்லா, நீ எதுக்கும்மா இறங்கி ஏறணும்? கட்டையை நானே எடுத்துடட்டுமா?"

"தொடாதீங்க அங்கிள்."